ரத்தம் எடுப்பவருக்கு ஒரு பெயர் கொடுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும் துறை அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ரத்தம் எடுக்கிறவள். மதுரைப் பக்கம் தனியார் மருத்துவமனைகளிலும் பரிசோதனை நிலையங்களிலும் 19 வருடமாக இந்த ஒரே வேலையைத்தான் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பேர் என்று குறைத்து வைத்தாலும் இரண்டு லட்சம் கைகளுக்கு மேல் தொட்டுப் பார்த்திருப்பேன். இத்தனை வருடத்தில் என் வேலைக்கு என்ன பெயர் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

நோயாளிகள் 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள். நான் நர்ஸ் இல்லை. சிலர் 'லேப்காரம்மா' என்பார்கள். லேப் டெக்னீஷியன் படிப்பும் நான் படிக்கவில்லை. வயதானவர்களுக்கு நான் 'ஊசி போடுற பொண்ணு'. ஊசி போடுவது என் வேலையே இல்லை. முதலில் சேர்ந்த இடத்தில் சம்பளப் பேரேட்டில் 'ஹெல்பர்' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த இடத்தில் 'லேப் அசிஸ்டென்ட்'. வீடு வீடாகப் போய் மாதிரி எடுத்த நாலு வருடமும் அடையாள அட்டையில் 'ஃபீல்டு எக்ஸிக்யூட்டிவ்' என்று இருந்தது. என்னோடு அதே வேலை பார்த்த பையன்களை அலுவலகத்தில் 'ரைடர்' என்றே சொல்வார்கள். 'பிளபாட்டமி டெக்னீஷியன்' என்று இதற்கு முறையான ஒரு பெயர் இருக்கிறது, அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது, ரத்தம் எடுப்பது எப்படி என்பதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது என்பதெல்லாம் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

ஒரு வேலைக்குப் பெயர் இல்லையென்றால் அதற்குப் பாடத்திட்டம் வராது, தடுப்பூசிக் கணக்கு வராது, பதவி உயர்வும் வராது. யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊசியைக் கையில் கொடுத்துவிடலாம். இந்த மடலை எழுதுவது அதனால்தான்.

நம் ஊரில் ரத்தம் எடுப்பதைக் கைராசி என்று நம்புகிறார்கள். 'அந்தப் பொண்ணு வரட்டும், அது குத்தினா வலிக்காது, கைராசிக்காரி' என்று அரை மணி நேரம் எனக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. கேட்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் ராசி என்று சொல்லிவிட்டால் அதை இன்னொருவருக்குச் சொல்லித்தர முடியாது என்று ஆகிவிடுகிறது. நான் செய்வது அத்தனையும் யாரோ சொல்லித்தந்தது, இல்லையென்றால் தப்புச் செய்து கற்றது.

போன மாதம் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர், மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. அதற்கு முந்தைய வாரம் வேறு எங்கோ படுத்திருந்து டிரிப்ஸ் ஏற்றிய இடமெல்லாம் கறுத்திருந்தது. 'நரம்பே கிடைக்காது தாயி, நேத்து நாலு இடத்துல குத்திட்டாங்க' என்று கையை நீட்டாமலே சொன்னார்.

தமிழில் நாம் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். ரத்தம் ஓடும் சிரையும் நரம்புதான், வலியை மூளைக்குக் கொண்டுபோவதும் நரம்புதான். முழங்கை மடிப்பின் உள்பக்கத்தில் இந்த இரண்டும், கூடவே இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனி ஒன்றும், விரல் அகலத்துக்குள் அடுத்தடுத்துப் போகின்றன. பேச்சில் எல்லாம் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். ஊசி பிடிக்கிறவருக்கு அவை தனித்தனியாகத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் உள்பக்கம் ஆழமாகத் துழாவினால் கை மாதக்கணக்கில் மரத்துப்போகலாம்.

பெரியவரைக் கையைக் கொஞ்ச நேரம் தொங்கப் போடச் சொன்னேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மடிப்பில் வைத்தேன். அப்புறம் மடிப்புக்கு நாலு விரல் மேலே டூர்னிக்கே என்ற இறுக்கிக் கட்டும் பட்டையைக் கட்டினேன். கட்டினால் ஒரு நிமிடம்தான் கணக்கு. அதற்கு மேல் போனால் ரத்தம் அங்கேயே தேங்கி, புரதமும் கால்சியமும் இருப்பதை விடக் கூடுதலாகக் காட்டும். கையை மூடி மூடித் திறக்கச் சொல்லும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது பொட்டாசியத்தை ஏற்றிவிடும். கண்ணால் தேடாமல் ஆள்காட்டி விரலால் அமுக்கி அமுக்கித் தேடினேன். தசைநார் கயிறு மாதிரி கெட்டியாக இருக்கும், தமனி துடிக்கும். சிரையோ காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி அமுங்கி மேலே வரும். கட்டை விரலால் தேடக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு, ஏமாற்றிவிடும். கடைசியில் மடிப்பின் வெளிப்பக்கம், யாரும் குத்திப் பார்க்காத இடத்தில் ஒன்று கிடைத்தது. கட்டை அவிழ்த்துவிட்டு, ஸ்பிரிட் தடவி, அது காய முப்பது விநாடி காத்திருந்து, மறுபடியும் கட்டினேன். ஈரத்தோடு குத்தினால் எரியும், ரத்தச் செல்களும் உடையும். இடது கட்டை விரலால் தோலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியின் வாய் மேலே பார்க்க, சாய்வாக உள்ளே விட்டேன்.

'குத்தப் போறியா தாயி?' என்று கேட்டார். குழாயில் பாதி நிறைந்திருந்தது.

பஞ்சை வைத்ததும் எல்லோரையும் போல அவரும் கையை மடக்கப் பார்த்தார். 'மடக்காதீங்க ஐயா, நேரா நீட்டி அமுக்கிப் பிடிங்க' என்றேன். மடக்கினால் உள்ளே கசிந்து கறுத்துப்போகும். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் சீக்கிரம் நிற்காது என்பதால் ஐந்து நிமிடம் நானே பிடித்துக்கொண்டேன். மொத்தமாகப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. எங்கள் கவுன்டரில் ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வெளியே வரிசையில் இருபது பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்கள் மேலும் தப்பில்லை, எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள்.

இத்தனை பொறுமையும் வலி இல்லாமல் எடுப்பதற்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் கையில் இருக்கும் ரிப்போர்ட் அந்தப் பன்னிரண்டு நிமிடத்திலேயே சரியாகவோ தப்பாகவோ ஆகிவிடுகிறது. இதைச் சொல்ல என் முதல் பெரிய தப்பைச் சொல்லியாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். ஒருவருக்கு சிரிஞ்சில் ரத்தம் எடுத்தேன். ஊதா மூடிக் குழாய் நிறைந்துவிட்டது, சிவப்பு மூடிக்குப் போதவில்லை. இன்னொரு தடவை குத்த மனசு வரவில்லை. இரண்டும் ஒரே ஆளின் ரத்தம்தானே என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து லேப் பொறுப்பில் இருந்த அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். பொட்டாசியம் 11, கால்சியம் 3. 'இந்த ரிப்போர்ட் நெசம்னா இந்த மனுஷன் உசுரோட இருக்க முடியாது பாப்பா. அவரு வெளிய பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்காரு. என்ன பண்ணுன, சொல்லு' என்றார்.

ஊதா மூடிக் குழாயில் இருப்பது ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து. அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ரத்தம் உறைவதில்லை. நாங்கள் பயன்படுத்தும் குழாய்களில் அது பொட்டாசிய உப்பாக இருக்கும். ஆகவே அந்த ரத்தத்தைச் சிவப்புக் குழாயில் கலந்தால் பொட்டாசியம் எங்கோ ஏறி, கால்சியம் தரையில் விழும். அக்கா திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, காலிக் குழாய்களை மேசையில் அடுக்கிக் காட்டினார். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டுமானால் அந்தப் பாட்டில் முதலில். பிறகு ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் வெளிர் நீலம், பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு பச்சை, பிறகு ஊதா, கடைசியில் சர்க்கரைக்கான சாம்பல். ஒரு குழாயின் மருந்து ஊசியில் ஒட்டிக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போனாலும் கெடுதல் வராதபடி அந்த வரிசை வைத்திருக்கிறார்கள். நாற்பது நிமிடத்தில் இதைக் கற்றுக்கொண்டேன். அந்த நாற்பது நிமிடத்தை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு யாராவது ஒதுக்கியிருக்கலாம்.

அன்றைக்குத் தப்பு பெரிதாக இருந்ததால் பிடிபட்டது. துளி மருந்து மட்டும் கலந்திருந்தால் 4.2 இருக்க வேண்டிய பொட்டாசியம் 5.6 என்று வந்திருக்கும். அது யாரும் சந்தேகப்படாத எண். சிறுநீரகம் கெட்டவருக்கு அதைப் பார்த்து மருந்தை மாற்றியிருப்பார்கள். வேறொருவருக்கு நிஜமாகவே பொட்டாசியம் குறைந்திருக்க, ரிப்போர்ட் எல்லாம் சரி என்று சொல்லியிருக்கும். ஆய்வகப் பிழைகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: பாதிக்கு மேற்பட்ட பிழைகள் மாதிரி இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. டிரிப்ஸ் ஓடும் கையிலேயே எடுத்தால் குளுக்கோஸ் கலந்து சர்க்கரை எக்கச்சக்கமாகக் காட்டும். வெளிர் நீலக் குழாயில் மருந்து ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு. கோடு வரை நிறையாவிட்டால் ரத்தம் உறையவே நேரமாவது போல ரிப்போர்ட் வரும். சிரிஞ்சை வேகமாக இழுத்தால் செல் உடைந்து மறுபடியும் அதே பொட்டாசியம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அனலைசராக இருந்தாலும் குழாயில் இருப்பதைத்தான் அது படிக்கும்.

இதை விட எனக்குப் பயம் தருவது பெயர்க் குழப்பம். நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. இருப்பது ஒரு இனிஷியல். ஒரே வார்டில் இரண்டு மாரியம்மாள், மூன்று முருகேசன் இருப்பது எங்களுக்குச் சாதாரணம். பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது, ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருக்கும். காது மந்தமான ஒருவரிடம் போய் 'நீங்கதானே முருகேசன்?' என்று கேட்டால் மரியாதைக்காகவே தலையை ஆட்டுவார். அதனால் நான் எப்போதும் 'உங்க பேரு என்னய்யா, அப்பா பேரு என்ன?' என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பேன். ஐ.பி. எண்ணை, அதாவது உள்நோயாளி எண்ணை, கைப்பட்டையில் பார்ப்பேன். ரத்தம் எடுத்த பிறகு, அந்தக் கட்டிலை விட்டு நகர்வதற்கு முன், அங்கேயே குழாயில் ஒட்டுவேன். அவசரத்தில் காலையிலேயே எல்லாக் குழாய்களிலும் பெயரை ஒட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சர்க்கரைக்கு எடுத்தது மாறிப்போனால் ஒருவருக்கு மாத்திரை மாறும். ரத்த வகை பார்க்க எடுத்தது மாறிப்போனால், ஏ பாசிட்டிவ் ஆளுக்கு பி பாசிட்டிவ் ரத்தம் ஏறிவிடும். அது ஆளையே கொன்றுவிடலாம்.

இனி என் சொந்தக் கதை ஒன்று. வீட்டுக்குப் போய் மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தபோது, ஒரு நாள் காலை ஏழு மணிக்கு நாலாவது வீடு. படுக்கையில் இருந்த ஒரு அம்மாவுக்கு எடுத்து முடித்தேன். பயன்படுத்திய ஊசியைப் போட எனக்குப் பெட்டி எதுவும் கொடுத்திருக்கவில்லை. திரும்ப மூடி போட்டு, பையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மூடி போடும்போது ஊசி மூடியைத் துளைத்து என் இடது கட்டை விரலில் ஏறியது. கையுறைக்குள் ரத்தம் மெல்லப் பரவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். 'சோப்பு போட்டுக் கழுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கம்மா, ஆள் வெயிட் பண்றாங்க' என்றார்.

போனேன். அடுத்த மூன்று வீட்டையும் முடித்துவிட்டுத்தான், பத்தரை மணிக்கு, நானாக அரசு மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கே எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்தில் இருந்த ஆலோசகர் அம்மா முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் இன்னும் நல்லது, எப்படியும் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் 28 நாள் மாத்திரையை ஒரு வேளை கூட விடக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். ஒரு பைசா வாங்கவில்லை. உங்கள் துறை எனக்குச் செய்த அந்த உதவியை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். 'ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டிருக்கீங்களா?' என்று அவர் கேட்டபோதுதான் அப்படி ஒன்று நான் போட்டிருக்க வேண்டும் என்றே எனக்குத் தெரிந்தது. எட்டு வருடமாக ஊரார் ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருந்தேன். யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி கலந்த ரத்தமுள்ள ஊசி குத்தினால் நூற்றுக்கு முப்பது பேர் வரை தொற்று வரலாம். எல்லோரும் பயப்படும் எச்.ஐ.வி.க்கு அது ஆயிரத்துக்கு மூன்று. பெரிய ஆபத்துக்கு மலிவான தடுப்பூசி இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசி. படுக்கையில் இருந்த அந்த அம்மாவுக்கு எந்தத் தொற்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அது தெரியும் வரை பதினோரு நாள் என் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டக்கூடப் பயந்தேன். அப்படியெல்லாம் பரவாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள்தான் நான். இருந்தும் பயந்தேன்.

இன்றைக்கு இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் ஊழியர்கள் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று நிறுவனத்தின் பொறுப்பிலேயே வைத்திருக்கின்றன. ஊசிகளைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும் என்றும் சொல்கின்றன. மருத்துவமனைக் கட்டடத்துக்குள் இதை ஓரளவு பார்க்கிறேன். பைக்கில் போகும் பையனின் பையில் இதைப் பார்க்க முடிவதில்லை. இப்போது நகரங்களில் பாதிப் பரிசோதனை வீட்டு வாசலில் நடப்பது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. கத்திரி வெயிலில் அந்தப் பையன் பத்து வீட்டு மாதிரிகளைச் சுமந்துகொண்டு சிக்னலில் நிற்கிறான். ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு நூற்றுக்கு ஐந்து, ஏழு என்று குறையும். சூட்டுக்குப் பயந்து குழாயை ஐஸில் நேராகப் புதைத்தால் பொட்டாசியம் ஏறும். இதையெல்லாம் அவனுக்கு யார் சொல்லித்தந்தார்கள்? எத்தனை வீடு முடித்தாய் என்பதற்கு மட்டும்தான் அவனிடம் கணக்குக் கேட்கிறார்கள்.

அரசு மருத்துவமனைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மாவை ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, அதிகாலை ஐந்து மணிக்கு ஹவுஸ் சர்ஜன் என்கிற பயிற்சி டாக்டர் தம்பி ஒருவர் ரத்தம் எடுக்க வந்தார். கண் சிவந்திருந்தது, இரவெல்லாம் தூங்கவில்லை. முப்பது கட்டிலுக்கும் அவர்தான் எடுக்க வேண்டும், எட்டு மணி ரவுண்ட்ஸுக்குள் ரிப்போர்ட் வேண்டும். அம்மாவுக்கு இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லை. 'சாரிம்மா' என்று அந்தப் பிள்ளை சொன்னபோது குரல் உடைந்தது. நான் அம்மாவின் கையைத் திருப்பி, விரலை வைத்து, 'இந்த இடம் பாருங்க தம்பி' என்றேன். உடனே எடுத்துவிட்டார். அவர் டாக்டராகப் போகிறவர். இந்த வேலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தினமும் முப்பது பேருக்கு, தூங்காத கண்ணோடு, அவர்தான் எடுத்தாக வேண்டும் என்பது நோயாளிக்கும் நல்லதில்லை, அந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை. நர்ஸுகள் நிலையும் அப்படித்தான். ஒரு பெரிய மருத்துவமனையில் காலை ஐந்திலிருந்து பத்து வரை ரத்தம் எடுப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஆறு பேர் இருந்தால் அந்த வார்டுகளின் காலை நேரமே வேறு மாதிரி இருக்கும்.

அப்படி ஆட்களைத் தேடினால் எங்களைப் போன்றவர்கள் நிறையவே இருக்கிறோம். ஆனால் கணக்கில் இல்லை. 2021-இல் வந்த தேசிய இணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தை ஒரு வக்கீல் உதவியோடு உட்கார்ந்து படித்தேன். டெக்னீஷியன்களுக்கு ஒரு பதிவேடு, ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு மன்றம் என்று வந்தது மிகவும் நல்ல விஷயம். ஆனால் அந்தச் சட்டப்படி இணை மருத்துவத் தொழிலாளர் என்றால் இரண்டிலிருந்து நான்கு வருடத்துக்குள் 2,000 மணி நேரத்துக்குக் குறையாத பட்டயமோ பட்டமோ படித்திருக்க வேண்டும். ரத்தம் எடுக்கிறவர்களில் நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் சில மாதப் பயிற்சி முடித்தவர்கள், இல்லையென்றால் என்னைப் போல வேலையிலேயே கற்றவர்கள். நாங்கள் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறோம். படிப்பே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கிடைக்காத அந்தப் படிப்பு எனக்குப் பின்னால் வருகிற பெண்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

முதலில், 'ரத்த மாதிரி சேகரிப்பாளர்' என்றோ வேறு நல்ல தமிழ்ப் பெயரிலோ அரசு மருத்துவமனைகளில் ஒரு பணியிடத்தை உருவாக்குங்கள். எல்லா ஊரிலும் வேண்டும் என்று இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் தொடங்கினால் போதும். பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பது உங்கள் துறைக்கே தெரியும். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதுவரை வீட்டோடு இருந்த பெண்களுக்கு சுகாதாரத் தன்னார்வலர் என்று ஒரு பெயரும், தோளில் ஒரு பையும், பிரஷர் பார்க்கப் பயிற்சியும் கொடுத்தீர்கள். எங்கள் தெருவுக்கு வரும் அந்தத் தங்கச்சியைப் பார்த்தாலே பாட்டிமார்கள் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார்கள். அவர் யார், எதற்கு வருகிறார், யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது, ஏற்கெனவே வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு தேர்வு வையுங்கள். தாளில் எழுதுவதை விட, எதிரில் நின்று பார்க்கும் தேர்வாக இருக்கட்டும்: பெயர் கேட்கும் விதம், சிரையைத் தேடும் விதம், குழாய் வரிசை, ஊசியைப் போடும் இடம். தேறியவர்கள் மீதிப் பாடத்தை வேலை பார்த்துக்கொண்டே முடிக்க வழி செய்யுங்கள். தேறாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து மறுபடியும் கூப்பிடுங்கள். என்னையும் அந்தத் தேர்வில் நிறுத்துங்கள், சந்தோஷமாக வருகிறேன்.

தனியார் இடங்களுக்குப் புதிய சட்டம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதற்கு 2018-இல் வந்த விதிகளும் கையில் இருக்கின்றன. பதிவுக்காகச் சோதனைக்கு வரும் அதிகாரிகள், இங்கே ரத்தம் எடுப்பவர் யார், அவருக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டாயிற்றா, ஊசி குத்திவிட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறதா என்ற மூன்று கேள்வியைக் கேட்டால் போதும். வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் என்றால் அந்த ஆளின் பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் ஊசி போடும் பெட்டி இல்லையென்றால் அன்றைக்கே அவரை வெளியே அனுப்பக் கூடாது என்று உத்தரவிடுங்கள்.

மூன்று நிமிடக் கணக்கைப் பற்றி என்ன கேட்பது என்று எனக்கே முழுசாகத் தெரியவில்லை. கூட்டம் இருப்பது உண்மை. ஆனாலும் குழந்தைக்கும், டயாலிசிஸ் நோயாளிக்கும், கீமோ எடுத்துச் சிரையெல்லாம் கருகிப்போனவர்களுக்கும் அந்தக் கணக்கைப் போடக் கூடாது என்று ஒரு வரி எழுதினால்கூட எங்களுக்கு அது பெரிய துணை. பிறந்து மூன்று நாளான குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுக்கும்போது, நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்த வேண்டும், எலும்பு மேலாகவே இருக்கிறது. அந்தச் சின்னப் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னால் யாரோ 'சீக்கிரம், சீக்கிரம்' என்று சொல்லும்போது எனக்குக் கை நடுங்கும். 19 வருடம் ஆகியும் நடுங்கும்.

பாடத்திட்டம் எழுதும் குழு அமைத்தால் ரத்தம் எடுக்கிறவர் ஒருவரையாவது அதில் உட்கார வையுங்கள். ஞாயிறு விடுமுறையில் வந்து சொல்லித்தர நான் தயார், பணம் வேண்டாம், பேருந்துச் செலவும் நானே பார்த்துக்கொள்கிறேன். அழைப்பதாக இருந்தால் காலை ஒன்பதரைக்கு மேல் அழையுங்கள். அதுவரை வார்டில் நிற்பேன், கையுறை போட்டிருப்பதால் போன் எடுக்க முடியாது.

இப்படிக்கு,
ரத்தம் எடுக்கும் ஒரு பெண்,
மதுரை மாவட்டம்